எழுத வேண்டாம் என்றது

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? உனக்கு அந்தப் பழைய தலைவலி வருகிறதா? வந்தால், நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மருந்தை நீயும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்.

இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்த வாத்தியார் வீடு மாறிப் போய்விட்டார். இதை எழுதுவது மாடியில் வாடகைக்கு இருக்கிற பெண். நீ முன்பு பாடம் நடத்திய அதே நர்சிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பேர் என்னவோ சொன்னாள், எனக்கு அவள் மாடிப்பொண்ணு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கீழ்க்கடைத் தையல்காரன் சொல்கிறான். எனக்கு முத்தும் தெரியாது, எழுத்தும் தெரியாது. வரி நேராகப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கல்லூரியில் மாதிரித் தேர்வு. நீ தேர்வுத் துறைக்கு மாறிப் போவதற்கு முன் ஆரம்பித்து வைத்த வேலைதானே, அந்தப் பொய் நோயாளி வேலை, அதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டிலில் படுத்தேன். கண்ணாடி டீச்சர் வந்து காதில் சொன்னார்: நெஞ்சுவலி, இடது கை கனக்கிறது, கேட்டால் மட்டும் சொல்லணும், கேட்காததைச் சொல்லக்கூடாது. எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். வாடகைச் சைக்கிள் கடையில் எவன் எந்த வண்டியை எப்போது எடுத்தான், எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது என்று ஒரு தாள் இல்லாமல் மண்டையிலேயே வைத்திருந்தவன் நான். உனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். முதல் பெண் உள்ளே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. முனகக்கூட இல்லை. "தாத்தா, வலி இடது கைக்கு இறங்குதா?" என்றாள். அடுத்தவளும் அதே கேள்வி. அதற்கடுத்தவள் கதவைத் தாண்டும்போதே என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருத்தியாவது "என்ன தாத்தா செய்யுது?" என்று கேட்கவேண்டுமே! யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். யார் அது? கதவருகே நிற்கிற பியூன் இளித்துக்கொண்டிருந்தான். காதில் சொன்னபோது ஜன்னல் வேறு திறந்துகிடந்தது.

மாடிப்பொண்ணும் அந்த வகுப்புதான். அவளும் நேரே நெஞ்சுக்குத்தான் வந்தாள். இதையும் எழுது என்றேன். பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஓடியது. திருப்பிப் படிக்கச் சொன்னேன். நான் சொன்னபடிதான் படித்தாள். படித்தது எழுதியதுதானா என்பது வேறு விஷயம்.

யார் சொன்னது என்று விசாரித்துப் பதில் போடு.

இப்படிக்கு,
அப்பா

(தாத்தா நடுவில் ஒன்று சொன்னார். பிறகு அதை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. – எழுதுபவள்)


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். சின்னவனுக்குச் சளி விட்டுவிட்டது. பெரியவள் இப்போதே என்னைவிட உயரம், உங்கள் பக்கத்து உயரம். தலைவலி வேலையோடு வந்து வேலையோடு போகிறது.

இங்கே எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. கேள்வித்தாளின் வடிவத்தை மாற்றியதற்கு எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் திட்டு வருகிறது. பழைய மாதிரி பத்து மார்க் கட்டுரைக் கேள்வியே இருக்கட்டும் என்கிறார்கள். அந்தக் கட்டுரைகளை வருஷக்கணக்காகத் திருத்தியவள் நான். புத்தகத்தை அப்படியே கக்கி வைப்பார்கள். பக்கம் அதிகமானால் மார்க்கும் அதிகம். மூச்சுத் திணறுகிறவருக்கு என்னென்ன செய்யலாம் என்று மூன்று பக்கம் எழுதியவளுக்கு, அதில் எதை முதலில் செய்யவேண்டும் என்று தெரியுமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. அதனால்தான் நான்கு விடை தந்து ஒன்றை டிக் அடிக்கிற கேள்வி. அதனால்தான் உங்கள் படுக்கைத் தேர்வும். கட்டிலில் ஒரு மனிதர் இருக்கும்போது யாரும் கக்க முடியாது என்று நம்பினேன்.

மாத்திரை போட்டால் உடனே சாப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஊர் வம்பு பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

இதைப் படித்துக் காட்டுபவருக்கும் என் அன்பு.

உங்கள் மகள்


மார்ச் 5

அன்பு மகளுக்கு அப்பா சொல்வது. நான் நலம். உங்கள் எல்லோரின் நலம் அறிய ஆவல். சின்னவனுக்குச் சளி திரும்பி வராமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மாடிப்பொண்ணு படித்தாள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இல்லை. இருந்து அவள் விட்டுவிட்டாளா, நீயே எழுதவில்லையா? "கக்கி வைப்பார்கள்" என்ற இடத்தில் அவளுக்கு ஒரு இருமல் வந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இருமினாள் என்று எழுது என்றேன். எழுதிவிட்டேன் தாத்தா என்கிறாள். எழுதினாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"உங்க மக டீச்சருக்கு ஈசியா இருக்கு, எழுதுறது நாங்கதானே" என்றாள்.

"என்ன கஷ்டம் சொல்லு" என்றேன்.

ஒரு கேள்வி சொன்னாள். நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. நர்ஸ் முதலில் என்ன செய்வாள்? டாக்டரைக் கூப்பிடுவாளா, தலைமாட்டை உயர்த்தி உட்கார வைப்பாளா, ஆக்சிஜன் வைப்பாளா, நாடி பார்ப்பாளா?

"உட்கார வைப்பா" என்றேன். சும்மா சொன்னேன்.

"அதான் விடை. ஆனா நாலுமே செய்யணும் தாத்தா. நாலும் சரி, அதுல ஒண்ணு மட்டும் ரொம்பச் சரியாம். கட்டுரைன்னா நாலையும் எழுதலாம், தெரிஞ்சதுக்குக் கொஞ்சமாவது மார்க் வரும். இதுல தெரிஞ்சும் முட்டை. தெரியாதவ கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலும் மார்க்."

"படுக்கைத் தேர்வு?"

"அது அதைவிட மோசம். வணக்கம் சொன்னா அரை மார்க், பேரைச் சொன்னா அரை மார்க், கை கழுவினா அரை மார்க். கட்டில்ல படுத்திருக்கறவர் மூஞ்சியைப் பார்த்தா மார்க் கிடையாது. உங்க மூஞ்சியைப் பார்க்காமலே பாஸ் பண்ணிடலாம்."

"அதான் எல்லாரும் நெஞ்சைப் பார்த்தீங்களோ?" என்றேன். சிரித்து மழுப்பினாள். என்னிடம் எதையோ மறைக்கிறாள் மகளே. இதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 20

அன்பும் பண்பும் பாசமும் நிறைந்த மகளுக்குத் தங்கள் தந்தையார் அவர்கள் சொல்ல, கீழ்க்கடைத் தையல்காரர் எழுதும் மடல். இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

அலங்காரம் போதும், நான் சொல்வதை எழுதுடா என்கிறேன். எழுதுகிறான்.

மகளே, மாடிப்பொண்ணுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். பிப்ரவரிக் கடிதத்தில், ஒவ்வொருத்தியும் நேரே நெஞ்சுக்கு வந்தாள், மாடிப்பொண்ணும் அப்படியே வந்தாள், யார் முன்னால் சொன்னது என்று கேட்டிருந்தேன். மார்ச்சில் அவள் இருமியதையும், எதையோ மறைக்கிறாள் என்பதையும் சொன்னேன். இவை உனக்கு வந்தனவா? மார்ச் கடிதத்துக்குப் பதிலே இல்லை. என் வாயிலிருந்து போனது உன் கண்ணுக்கு வருவதற்குள் ஒரு பெண்ணின் கை நடுவில் இருக்கிறது. அவளுக்கு எதிரான பேச்சை அவள் கையே எப்படி எழுதும்? நீயோ நானோ எழுதுவோமா?

தையல்காரன் சொல்கிறான்: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுண்ணே, பட்டன் தைக்கக் குடுத்தாக்கூட ரெண்டு தடவை நன்றி சொல்லும்."

"ரெண்டு தடவை நன்றி சொல்றவங்களைத்தான் கவனிக்கணும்" என்றேன்.

பதிலைக் கடை விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
அப்பா

(அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டினேன். – தையல்காரர்)


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். தையல்கார அண்ணா, இதை வேறு யாரும் இல்லாதபோது படித்துக்காட்டுங்கள்.

அப்பா, நீங்கள் சொன்னது எல்லாம் வந்தது. நெஞ்சுக்கு நேரே வந்ததும், தானும் வந்ததும், இருமியதும், மறைக்கிறாள் என்பதும், ஒன்றுவிடாமல் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். பதில் எழுதாதது நான்தான். தேர்வு ரகசியத்தை, தேர்வு எழுதப்போகிற பெண்ணே படிக்கிற கடிதத்தில் எப்படி எழுதுவேன்?

அவள் இன்னொன்றும் எழுதியிருந்தாள். நீங்கள் ஏதோ சொல்லிவிட்டு, எழுத வேண்டாம் என்றீர்களாம். அது என்ன?

உங்கள் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது. ஒன்று, யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மீசையே சொல்லியிருக்க வேண்டும். நான் அங்கிருந்த காலம் முதல் உங்களுக்கு நெஞ்சுவலி தவிர வேறு வியாதி வந்ததில்லை. வெள்ளை மீசைத் தாத்தா என்றால் நெஞ்சுவலி என்று ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குச் சொல்லியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத்தான் போகிறேன். இந்த மாதக் கடைசியில் நடக்கும் ஆண்டுத் தேர்வில் உங்களுக்கு நெஞ்சுவலி கிடையாது. சர்க்கரை குறைந்துபோன நோயாளி நீங்கள். கை நடுங்க வேண்டும், பேச்சு குழற வேண்டும். "காலையில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் மட்டும், "மாத்திரை போட்டேன், சாப்பிடலை" என்று சொல்ல வேண்டும். இது எனக்கும் கண்ணாடி டீச்சருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். இப்போது தையல்கார அண்ணாவுக்கும்.

படிக்கத் தெரியாதவருக்கு ரகசியத்தைக் கடிதத்தில் அனுப்புகிறேன், பாருங்கள். வேறு வழி தெரியவில்லை. கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். மாடிப்பெண்ணிடம் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 29

அன்பு மகளுக்கு அப்பா சொல்வது, தையல்காரன் எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. எழுத வேண்டாம் என்றதை அந்தப் பெண் எழுதவில்லையாம், ஆனால் எழுதவில்லை என்பதை எழுதியிருக்கிறாளாம். இதற்கு என்ன பேர் வைப்பது? அது ஒன்றுமில்லாத விஷயம். விடு.

நேற்று தேர்வு. நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். போன தடவை வைத்த அதே அறை. சுவரில் எலும்புக்கூட்டுப் படத்தை எடுத்துவிட்டு நுரையீரல் படம் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி டீச்சர் பச்சைப் பேனா வைத்திருந்தார். மணி அடித்ததும் வந்த முதல் பெண் கை கழுவுகிறேன் பேர்வழி என்று குழாயை மூட மறந்துவிட்டாள், சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டே இருந்தது. நெஞ்சுவலி பற்றிக் கேட்டாள். அடுத்தவள் கழுத்தில் மாட்டும் குழாயைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு என் நெஞ்சில் வைத்தாள். அப்புறம் ஒருத்தி, நடந்தால் செருப்பு கீச்கீச் என்னும், "வலி இடது கைக்குப் போகுதா"தான். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள், போனார்கள். நல்லபடியாக முடிந்தது.

தலைவலிக்குக் கண்ணைக் காட்டிப் பார். கண்ணால்கூட வருமாம்.

இப்படிக்கு,
அப்பா


மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நலம்தான், மனம்தான் சரியில்லை.

மார்க் பட்டியல் என் மேஜைக்கு வந்துவிட்டது. வகுப்பு முழுவதும் நெஞ்சுவலியைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டே "இடது கை கனக்குதா" என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மீசைதான் குற்றவாளி என்று சிரித்திருப்பேன். ஆனால் ஒருத்தி மட்டும் சர்க்கரை என்று சரியாகப் பிடித்திருக்கிறாள். உங்கள் மாடிப்பெண்.

அவள் வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை, கை கழுவவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். உள்ளே வந்து உங்கள் முகத்தைப் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தாள், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள், உங்களை நிமிர்த்திப் பிடித்துக் குடிக்க வைத்தாள். கண்ணாடி டீச்சர், "நடிப்புக்கு நடிப்பாச் செய்யணும், நிஜமாக் குடுக்கக் கூடாது" என்று தடுத்தும் கேட்கவில்லை. தேர்வறைக்குள் எதையும் எடுத்துவரக் கூடாது என்பது விதி. கேள்வி தெரியாதவள் விடையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவாளா?

அவள் மார்க்கை நிறுத்திவைத்திருக்கிறோம். மாதக் கடைசிக்குள் விசாரணை. குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டே நீக்குவார்கள். மூன்று வருஷப் படிப்பும் போகும். ஏன் சர்க்கரை வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு "பழக்கம்" என்று ஒரே சொல்தான் சொன்னாளாம்.

அப்பா, நீங்கள் எதையும் மறப்பவர் அல்ல. அவள் உள்ளே வந்தது முதல் வெளியே போனதுவரை நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசும் முன்பே சர்க்கரையை எடுத்தாளா, பிறகா? அந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் ஏதாவது வாய் தவறிச் சொன்னீர்களா? தையல்கார அண்ணா சொன்னாரா?

உங்கள் மகள்


மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்களிடமிருந்து கடிதம் தாமதமானால் கோபமாக இருக்கும், இந்தத் தடவை பயமாக இருக்கிறது. ஏப்ரல் கடிதத்தை மறுபடி படித்தேன். குழாய் சொட்டியது, பேனா பச்சை, செருப்பு கீச்சிட்டது எல்லாம் இருக்கிறது. அதற்குமேல் "மற்றவர்களும் வந்தார்கள், போனார்கள்" என்கிறீர்கள். நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவளைக் காப்பாற்ற நினைத்து மறைக்கிறீர்களா? எதுவாயிருந்தாலும் விசாரணைக்கு முன் எழுதுங்கள்.

உங்கள் மகள்


மே 20

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் உங்களிடம் படித்ததில்லை, உங்களுக்குக் கடிதம் எழுதித்தான் பழக்கம். என் விஷயமாக எழுதவில்லை. மார்க் கேட்கவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தாத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. தையல்கார மாமா சொல்லியும் கேட்பதில்லை. என்னோடு பேசுவதில்லை. படிக்கட்டில் நான் வந்தால் சுவரைப் பார்த்து நிற்கிறார். யாராவது சொன்னால் சாப்பிடுவார், நீங்கள் சொன்னால் கட்டாயம் சாப்பிடுவார்.

ஒன்று மட்டும் என்னைப் பற்றி. பிப்ரவரியில் நானும் நேரே நெஞ்சுக்குத்தான் போனேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் அவருக்குப் பெயரே 'நெஞ்சுவலித் தாத்தா'. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்று நான் மறைத்தது அதைத்தான்.

அவர் எழுத வேண்டாம் என்றதை இப்போதும் நான் எழுதவில்லை. அவர் சொன்னால் அவரே சொல்லட்டும்.

பணிவுடன்,
மாடியில் இருப்பவள்


மே 24

அன்பு மகளுக்கு அப்பா சொல்வது. உடம்பு பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள்.

இதை மாடிப்பொண்ணிடம்தான் எழுதச் சொன்னேன். "என் விஷயத்தை என் கையாலயே எழுதினா யார் தாத்தா நம்புவாங்க?" என்று உள்ளே போய்விட்டாள். அதனால் தையல்காரன் எழுதுகிறான். கீழே என் கைநாட்டு இருக்கும். வரி நேராகப் போகவில்லை. பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் உள்ளே வந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

இதைச் சொல்ல இத்தனை நாள் ஆயிற்று. சண்டைக்காரனிடம்கூட "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது. கீச்சுச் செருப்புவரை இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினது மாதிரி. பிறகு வாயில் ஒரு இனிப்பு, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு குளிர். கண்ணாடி டீச்சர் "ரொம்ப நல்லா நடிச்சீங்க" என்றார். சரி, நடித்திருக்கிறேன் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உனக்கும் அப்படியே எழுதச் சொன்னேன். எத்தனை பேர் வந்தார்கள், யார் என்ன கேட்டார்கள், ஒன்றும் தெரியாது.

நீ, கேட்டால் "மாத்திரை போட்டேன், சாப்பிடலை" என்று சொல்லச் சொன்னாய். பொய் சொன்னால் என் முகத்தில் தெரிந்துவிடும். நிஜமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அன்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போனேன். தேர்வு தொடங்கத் தாமதமானது. நான் படுத்தே கிடந்தேன். அப்புறம் நடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இனி எழுத வேண்டாம் என்று சொன்னது. பிப்ரவரிக்கு முன்னாலேயே ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேனாம். உட்கார்ந்து, மாடிப்பொண்ணை உன் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டேனாம். அவள் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாளாம். கூப்பிட்டேனாம், கொடுத்தாளாம் என்று சொல்கிறேனே, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். எனக்கு அதுவும் ஞாபகம் இல்லை. இல்லாததை இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்தேன். உன் அம்மா பேர் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. கடிதத்தில் சொல்ல வாயெடுத்தேன், உனக்குத் தெரிந்தால் கட்டில் வேலையை நிறுத்திவிட்டு என்னை உன் வீட்டு மூலையில் உட்கார வைப்பாய் என்று வேண்டாம் என்றேன். அன்றிலிருந்துதான் அவள் பாக்கெட்டில் சர்க்கரை. காலையில் என் வீட்டில் அடுப்புச் சத்தம் கேட்கவில்லை என்றால் பொட்டலம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வாளாம். தையல்காரன் இப்போதுதான் சொல்கிறான், பாவி.

ஏன் சர்க்கரை என்று கேட்டபோதே அவள் இதைச் சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்றதற்காகச் சொல்லவில்லை. தன் படிப்பைவிட என் வாய்ச்சொல் பெரிதென்று நினைத்திருக்கிறாள், அந்த வாய் அவளைப் பற்றி உன்னிடம் என்னென்ன பேசியதென்று அவளுக்குத் தெரியும். அவள்தானே எழுதினாள்!

உன் விசாரணைக்காரர்களிடம் இதைச் சொல். நடிக்கிறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நான் ஒரு பேச்சை மறந்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு ஞாபகம் இல்லாததுதான் சாட்சி. அவள் கேள்வியைத் தெரிந்துகொண்டு வரவில்லை. என்னைத் தெரிந்துகொண்டு வந்தாள்.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)

(தேர்வன்று அண்ணன் வீட்டுக்கு வந்தபோது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். என் கண்ணால் பார்த்தேன். வெயிலில் வந்த வியர்வை என்று நினைத்தேன். அன்று வெயிலே இல்லை. – தையல்காரர்)


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். மாடிப்பெண்ணே படிக்கட்டும்.

உங்கள் கடிதத்தை விசாரணைக் குழுவில் நானே படித்தேன். நடுவில் என்னால் முடியவில்லை, கண்ணாடி டீச்சர் வாங்கிப் படித்தார். பிப்ரவரிக் கடிதத்தையும் மார்ச் கடிதத்தையும் காட்டினேன். தன்னைச் சந்தேகப்படுகிற வரிகளை இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதிய பெண் யாரையும் ஏமாற்ற மாட்டாள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். கடைசியில் கண்ணாடி டீச்சர், "சட்டை நனைந்திருந்தது. வியர்வையை யாரும் நடிக்க முடியாது. நான் மார்க் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

குற்றச்சாட்டு நீங்கிவிட்டது. ஆனால் மார்க்? என் பட்டியலில் வணக்கத்துக்கு இடம் இருக்கிறது, கை கழுவ இடம் இருக்கிறது. அவள் செய்ததற்கு இடம் இல்லை. எதை முதலில் செய்வாய் என்று ஊரெல்லாம் கேள்வி கேட்டவள் நான், முதலில் செய்யவேண்டியதை முதலில் செய்தவளுக்கு என் தாளில் முட்டைதான் வருகிறது. விதியை அவளுக்காக வளைத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும், பேச்சு அவள்மேல்தான் விழும். அதனால் வகுப்பு முழுவதற்கும் மறுதேர்வு, அவளுக்கும் சேர்த்து. பட்டியலில் முதல் வரியாக "நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா" என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அது அவள் சொன்னது.

மறுதேர்வில் கட்டிலில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் அப்பா. இனி எந்தத் தேர்விலும். கோபப்படுங்கள், பரவாயில்லை. சாப்பிடாமல் வந்தவர்போல நடிக்கச் சொன்னது நான். அதை எழுதும்போது நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதை யோசிக்கவில்லை. உங்களை என் வீட்டு மூலைக்குக் கூப்பிடவில்லை. மாதம் ஒருமுறை நான் வருகிறேன்.

உங்கள் மகள்


ஜூன் 25

அன்பு மகளுக்கு அப்பா சொல்வது. நான் நலம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? நீ வரும்போது சின்னவனையும் கூட்டிக்கொண்டு வா. தலைவலிக்குக் கண்ணாடி போட்டாயா?

உன் கடிதத்தை மாடிப்பொண்ணு படித்தாள். முட்டை என்ற இடத்தில் இருமினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கட்டில் வேலை போனதில் எனக்குக் கோபம்தான். எனக்குப் பதிலாக யாரைப் படுக்க வைக்கப் போகிறார்கள் என்று கேட்டேன், பியூனையாம். அவனுக்கு இளிக்கத்தான் தெரியும், நடிக்கத் தெரியாது. யார் சிபாரிசு செய்தார்கள் என்று விசாரித்து எழுது.

மாடிப்பொண்ணு மறுதேர்வுக்குப் படிக்கிறாள். கட்டிலில் பியூன் என்று தெரிந்துவிட்டதே, என்ன வியாதி என்றும் இப்போதே பேசிக்கொள்வீர்களே என்றேன். "யார் படுத்தாலும் மொதல்ல மூஞ்சியைப் பார்க்கணும், இப்ப அதுக்கும் மார்க் இருக்கே தாத்தா, இனிமே எல்லாரும் பார்ப்பாளுங்க" என்று சிரித்தாள். மார்க்குக்காகப் பார்ப்பது ஒரு பார்வையா என்று தெரியவில்லை. நீதான் டீச்சர், யோசி.

எழுதி முடித்துவிட்டாள். திருப்பிப் படிக்கட்டுமா தாத்தா என்கிறாள். வேண்டாம், ஒட்டிப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

(டீச்சர், இன்று காலையிலும் தாத்தாவுக்கு நடுங்கியது. எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். இந்த மாதம் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். – எழுதுபவள்)